முள்ளோடையில் ஒரு விலை, பாரிஸில் ஒரு விலை: பெட்ரோல் வரிக் கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "குவைத்தில் இருக்கும் மாமா அங்கே பெட்ரோல் லிட்டர் 25 ரூபாய்கூட வராது என்கிறார். பாரிஸ் பக்கம் இருக்கும் பெரியப்பா மகன், 'நான் 170 ரூபாய் கொடுக்கிறேன், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்' என்கிறான். எங்கள் ஊரில் நூறு ரூபாய்க்கு மேல். முள்ளோடையைத் தாண்டினால் ஐந்தாறு ரூபாய் குறைகிறது. ஒரே பெட்ரோலுக்கு ஏன் இத்தனை விலை? நம் நாட்டில்தான் வரி அதிகமா? ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் குறையுமா?"

புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் பதினோரு வருடம் கணக்கு எழுதியவன் நான். டேங்கர் லாரி வந்து லோடு இறக்கும்போது கையில் வரும் இன்வாய்ஸில் அடக்க விலை, கலால் எனும் உற்பத்தி வரி, வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி என்று தனித்தனியாக இருக்கும். அந்தத் தாளைத் தினமும் பார்த்துப் பழகியதால்தான் மற்ற நாடுகளின் கணக்கையும் பிரித்துப் பார்க்கும் ஆசை வந்தது. கீழே சொல்லும் விலைகளும் வரிகளும் 2025-ஆம் ஆண்டில் இருந்தவை. யூரோவை 100 ரூபாய், டாலரை 88 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். காசு கணக்கில் முன்னேபின்னே இருக்கும், ஆனால் கணக்கின் வடிவம் மாறாது.

முதலில் நம்முடைய லிட்டரையே பிரிப்போம். கடலூரில் லாரி வாடகை கூடுதலாகச் சேரும் என்பதால் சென்னை விலையை எடுத்துக்கொள்கிறேன். அங்கே லிட்டர் ஏறக்குறைய 100 ரூபாய் 80 காசு. அதில் எண்ணெய் நிறுவனம் போடும் விலையும் பங்க்காரருக்கு வரும் கமிஷனும் சேர்ந்து 57 ரூபாய். அதன்மேல் மத்திய அரசின் கலால் 21 ரூபாய் 90 காசு. இரண்டும் சேர்ந்த 79 ரூபாயின்மேல் தமிழ்நாடு அரசு 13 சதவீதம் வாட் போடுகிறது, அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு என்று ஒரு நிலையான தொகையும் சேர்க்கிறது. ஆக மாநிலத்துக்கும் ஏறக்குறைய 22 ரூபாய். மத்திய அரசுக்கு 22, மாநிலத்துக்கு 22, எண்ணெய்க்கு 57. "எல்லாம் டெல்லிதான்" என்று ஒரு பக்கமும் "எல்லாம் சென்னைதான்" என்று மறு பக்கமும் சண்டை போடுகிறார்கள். இன்வாய்ஸைப் பார்த்தவனுக்கு இரண்டு பேரும் சமபங்கு எடுப்பது தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கலாலின்மேலும் வாட் ஏறுகிறது. டெல்லி 10 ரூபாய் ஏற்றினால் நமக்கு 11 ரூபாய் 30 காசு ஏறும். வரிக்கு வரி என்பது இதுதான். இது நம் நாட்டில் மட்டும் உள்ள அநியாயம் என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் இதே முறைதான்.

சரி, அந்தப் பெரியப்பா மகனின் 170 ரூபாய்க்கு வருவோம். பாண்டிச்சேரியில் சொல்தா வீடுகள் நிறைய. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வருவார்கள். வாடகைக் காரில் பெட்ரோல் போட நிற்கும்போது மீட்டரைப் பார்த்து மனசுக்குள் யூரோவாக மாற்றி, "இவ்வளவுதானா?" என்பார்கள். அவர்கள் ஊரில் லிட்டர் ஒரு யூரோ 70 சென்ட். அதில் எரிபொருள் கலால் மட்டும் 69 சென்ட் அளவுக்கு. அப்புறம் எல்லாவற்றின்மேலும் 20 சதவீத வாட், அது 28 சென்ட். இரண்டும் சேர்ந்தால் 97 சென்ட். நம் பணத்தில் வரி மட்டுமே 97 ரூபாய்! வரியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 73 ரூபாய்.

இங்கிலாந்தில் லிட்டர் 135 பென்ஸ் சுற்றி. எரிபொருள் வரி 52.95 பென்ஸ். 2011 முதல் 57.95-ஆக இருந்ததை 2022 மார்ச்சில் உக்ரைன் போர் தொடங்கிய சூட்டில் 5 பென்ஸ் குறைத்தார்கள். அதன்மேல் 20 சதவீத வாட். வரி மட்டும் 75 பென்ஸ், விலையில் பாதிக்கு மேல். ஜெர்மனியில் ஆற்றல் வரி 65.45 சென்ட், அதோடு கரியமில வாயுவுக்கான வரி தனி, வாட் 19 சதவீதம்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அங்கே மத்திய அரசின் பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட். ஒரு கேலன் என்பது 3.785 லிட்டர். இந்த வரி 1993-லிருந்து மாறவே இல்லை, விலைவாசிக்கு ஏற்ப ஏறும்படியும் வைக்கவில்லை. மாநில வரி ஊருக்கு ஊர் வேறு. அலாஸ்காவில் 9 சென்டுக்கும் குறைவு, கலிஃபோர்னியாவில் 60 சென்டைத் தாண்டும். சராசரியாகப் பார்த்தால் எல்லா வரியும் சேர்ந்து லிட்டருக்கு நம் பணத்தில் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான். விலை 73 ரூபாய் அளவில் நிற்கிறது. இதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் உண்டு. பெட்ரோல் வரியில் ஓடவேண்டிய நெடுஞ்சாலை நிதி போதாமல், 2008-லிருந்து பொதுக் கருவூலத்திலிருந்து பணம் எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வரியை உரித்துவிட்டு எல்லா விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 60 சொச்சம், இங்கிலாந்தில் 70, பிரான்ஸில் 73, நமக்கு 57. பெரிய வித்தியாசமே இல்லை. கச்சா எண்ணெய் உலகச் சந்தையில் ஒரே விலைதான். ஒரு பீப்பாய் 159 லிட்டர். பீப்பாய் 70 டாலர் என்றால் லிட்டருக்கு 38, 39 ரூபாய். சுத்திகரிப்பு, கப்பல், லாரி, பங்க்காரரின் சம்பளச் செலவு எல்லாம் சேர்ந்து மேலே இருபதோ முப்பதோ ஆகும். அதற்கு மேல் தெரியும் வித்தியாசம் முழுக்க முழுக்க அந்தந்த அரசு எடுத்த முடிவு. தம்பி கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

குவைத் மாமா சொன்னதும் உண்மை. அங்கே சாதாரண பெட்ரோல் லிட்டர் 85 ஃபில்ஸ், நம் பணத்தில் 24 ரூபாய். ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: கச்சா எண்ணெயே லிட்டர் 38 ரூபாய். அப்படியானால் குவைத் அரசு தன் எண்ணெயை வெளியே விற்றால் கிடைக்கும் பணத்தைவிடக் குறைவாகத் தன் ஊரில் விற்கிறது. அது மக்களுக்கு அரசு கொடுக்கும் மானியம். கிணறு சொந்தமாக இருப்பதால் கையைவிட்டுப் பணம் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சவுதியில் 91 ஆக்டேன் தரப் பெட்ரோல் லிட்டர் 2 ரியால் 18 ஹலாலா, 51 ரூபாய். அதற்குள் 15 சதவீத வாட்டும் அடக்கம். வளைகுடாவிலேயே இப்படி இரண்டு மடங்கு வித்தியாசம். எண்ணெய்க் கிணறு இருந்தால் பெட்ரோல் மலிவாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நார்வேயில் கடல் முழுக்க எண்ணெய், ஆனாலும் அங்கே பெட்ரோலுக்கு ஐரோப்பா அளவுக்கே வரி போடுகிறார்கள். எண்ணெய் விற்ற பணத்தைப் பிற்காலத்துக்கு நிதியாகச் சேர்த்துவைக்கிறார்கள்.

கிணறு இல்லாத நாடு குவைத் மாதிரி விற்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை நம் கடலுக்கு அந்தப் பக்கமே பார்த்துவிட்டோம். இலங்கையில் 2021 டிசம்பரில் 92 ஆக்டேன் பெட்ரோல் அந்த நாட்டுப் பணத்தில் 177 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய். டாலர் கையிருப்பு தீர்ந்து கப்பலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல், நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அப்புறம் அளவு வைத்துக் கொடுக்கும் கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் பைக்குக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அப்போது தொலைபேசியில் சொன்னார்: வண்டியை வரிசையில் விட்டுவிட்டு, மகனைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு வேலைக்கு நடந்து போகிறேன் என்று. விலையைச் செயற்கையாகக் கீழே பிடித்துவைப்பதை நான் ஆதரிக்காததற்கு அந்தப் பேச்சு ஒரு காரணம். நைஜீரியாவிலும் பல காலம் மானியம் கொடுத்தார்கள். 2023 மே 29 அன்று புதிய அதிபர் பதவியேற்ற உரையிலேயே அதை நிறுத்துவதாக அறிவித்தார். சில நாளில் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது.

அப்படியானால் பாரிஸில் இருக்கும் பெரியப்பா மகன் சொன்னது சரி, நாம் கொடுத்துவைத்தவர்களா? இல்லை. இந்த இடத்தில்தான் அந்த ஒப்பீடு தவறிப்போகிறது, எனக்கு மனசு அடித்துக்கொள்வதும் இங்கேதான்.

பிரான்ஸில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 11 யூரோ 88 சென்ட். பிடித்தமெல்லாம் போனாலும் ஒரு மணி நேரக் கூலியில் ஐந்து லிட்டருக்கு மேல் பெட்ரோல் போடலாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2025-26-க்கு நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஒரு நாள் முழுக்க மண் வெட்டினால் மூன்றேகால் லிட்டர். அதே ஐந்து லிட்டருக்கு அங்கே ஒரு மணி நேரம், இங்கே ஒன்றரை நாள். நெல்லிக்குப்பத்திலிருந்து பாண்டிக்குக் கட்டட வேலைக்கு வரும் ஆட்கள் இரண்டு பேராக ஒரே வண்டியில் வருவார்கள். எங்கள் பங்கில் காலையில் "நூறு ரூபாய்க்குப் போடுண்ணே" என்பார்கள். பையன் "ஜீரோ பார்த்துக்குங்க" என்று சொல்லிக் குழாயைச் செருகுவான். ஒரு லிட்டர் சொச்சம் விழும்வரை பின்னால் உட்கார்ந்தவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நூறில் 40 ரூபாய் வரி. பாரிஸில் காருக்கு டேங்கை நிரப்பும் ஆள் கொடுக்கும் 57 சதவீதத்தைவிட இந்த 40 சதவீதம் கனமானது. ரூபாயாக மாற்றிப் பார்த்தால் மட்டும் இது தெரியாது. அதனால் எந்த நாட்டு விலையைச் சொன்னாலும், அந்த ஊரில் ஒரு நாள் கூலி எத்தனை லிட்டர் என்று கூடவே கேளுங்கள்.

பணக்கார நாட்டிலும் இந்தக் கனம் எல்லாருக்கும் ஒன்றில்லை. 2018 நவம்பரில் பிரான்ஸில் மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்ததே இதற்காகத்தான். அடுத்த ஜனவரியிலிருந்து டீசலுக்கு 6.5 சென்ட், பெட்ரோலுக்கு 2.9 சென்ட் வரி ஏற்றுவதாக இருந்தது. மெட்ரோ ரயில் இருக்கும் பாரிஸ்காரருக்கு அது ஒன்றுமில்லை. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத சின்ன ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பரிலேயே அரசு அந்த ஏற்றத்தைக் கைவிட்டது.

இனி நம் எல்லைக்கு வருவோம். கடலூரில் ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கி, ரெட்டிச்சாவடி போனால் முள்ளோடை. பங்குகள் அங்கே நெருக்கமாக இருப்பது தற்செயல் இல்லை. நிற்கும் பத்து வண்டியில் ஏழெட்டு கடலூர்ப் பதிவெண்ணான டிஎன் 31 ஆகத்தான் இருக்கும். பாண்டியில் வாட் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த வரியைக் கட்டுவது பெரும்பாலும் பக்கத்து மாநிலத்து ஆள். சின்னப் பகுதி ஒன்று வரியைக் கொஞ்சம் குறைத்தால், பக்கத்துப் பெரிய பகுதியின் விற்பனை இங்கே வந்துவிடும். லிட்டருக்குக் கிடைப்பது குறைந்தாலும் மொத்த வசூல் கூடும். கேரளத்துக்கு நடுவில் இருக்கும் மாஹேயில் இது இன்னும் பலமாக நடக்கிறது. கேரளத்து வரி தமிழ்நாட்டைவிட அதிகம் என்பதால் அங்கே வித்தியாசம் லிட்டருக்குப் பத்து ரூபாயையும் தாண்டும். ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் செய்வதும் இதே வேலைதான். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்று பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து நிரப்பிப் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 35.9 சென்டுக்குக் கீழே கலால் போகக் கூடாது என்று ஒரு தரை வைத்திருக்கிறது. நம் மாநிலங்களுக்கு அப்படி ஒரு தரை கிடையாது.

இதற்கு சிங்கப்பூர் கண்ட வழி எனக்கு எப்போதும் வியப்பு. அங்கே 95 ஆக்டேனுக்கு லிட்டருக்கு 66 சிங்கப்பூர் சென்ட் வரி. பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூரில் நாலில் ஒரு பங்கு விலை. எல்லாரும் அங்கே போய் நிரப்பிவிடாமல் இருக்க, சிங்கப்பூர் வண்டி மலேசியாவுக்குள் போகும்போது டேங்க் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்று சட்டம். 1989-இல் அரை டேங்க் என்று தொடங்கி 1991-இல் முக்கால் ஆக்கினார்கள். மீறினால் 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். மலேசியாவும் தன் மானிய பெட்ரோலை வெளியாளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. 95 ஆக்டேனை வெளிநாட்டு வண்டிக்கு ஊற்றக் கூடாது என்று தடை. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து, குடிமக்களுக்கு அடையாள அட்டையைக் காட்டினால் 1 ரிங்கிட் 99 சென், மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் 2 ரிங்கிட் 60 சென் என்று இரண்டு விலை. ஆல்பேட்டையில் நிறுத்தி டேங்க் மூடியைத் திறக்கச் சொல்வதை நினைத்துப் பாருங்கள்! ஒரே நாட்டுக்குள் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

நம் நாட்டு வரி எப்படி இங்கே வந்து நின்றது என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், 2014 அக்டோபரில் டீசலுக்கு. தினசரி விலை மாற்றம் நாடு முழுக்க வந்தது 2017 ஜூன் 16. அதற்கு முன்பு மே 1 முதல் ஐந்து ஊர்களில் மட்டும் வெள்ளோட்டம் விட்டார்கள். அந்த ஐந்தில் புதுச்சேரியும் ஒன்று. தினமும் பலகையில் எண்ணை மாற்றி, இருப்பில் இருக்கும் லிட்டருக்கு லாபமா நஷ்டமா என்று எழுதவேண்டிய வேலை எங்களுக்கு மற்றவர்களைவிட ஒன்றரை மாதம் முன்பே வந்துவிட்டது. கச்சா எண்ணெய் இறங்கினால் மறுநாளே நமக்கும் இறங்கும் என்று அப்போது எல்லாரும் நம்பினோம்.

நடந்தது வேறு. 2014 மே மாதம் பெட்ரோல்மேல் மத்திய கலால் 9 ரூபாய் 48 காசு. 2020-இல் ஊரடங்கில் கச்சா எண்ணெய் 20 டாலருக்குக் கீழே விழுந்தபோது, மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் 10 ரூபாய் என்று ஏற்றி, 32 ரூபாய் 98 காசுக்குக் கொண்டுபோனார்கள். உலகத்தில் எண்ணெய் அடிமாட்டு விலைக்குப் போன நாளில் எங்கள் பலகையில் ஒரு காசு இறங்கவில்லை. 2014-15-இல் பெட்ரோலியக் கலால் வசூல் ஒரு லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. 2020-21-இல் சுமார் 3.7 லட்சம் கோடி. தமிழ்நாட்டு அரசும் அதே 2020 மே மாதம் வாட் முறையை மாற்றி, நிலையான தொகையைப் புகுத்தியது. கச்சா எண்ணெய் எவ்வளவு இறங்கினாலும் அந்தத் தொகை இறங்காது. இரண்டு அரசுகளும் பின்னால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு 3 ரூபாய் குறைத்தது. 2021 நவம்பரில் மத்திய அரசு 5 ரூபாய் குறைத்தபோது புதுச்சேரி தன் பங்குக்கு 7 ரூபாய் குறைத்தது. 2022 மே மாதம் மத்திய அரசு மேலும் 8 ரூபாய் குறைத்தது. அப்புறம் 2025 ஜனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் மத்திய அரசும் சுமார் 2 ரூபாய் ஏற்றின. ஏப்ரல் ஏற்றத்தை எண்ணெய் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால் பலகை மாறவில்லை.

வரியே கூடாது என்பவன் நானில்லை. சாலைக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். என் குறை இதுதான்: கச்சா எண்ணெய் விலை ஏறும்போது நம் தலையில் ஏற்றுகிறார்கள், இறங்கும்போது வரியாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, அந்த 21 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பங்கிடவேண்டிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மிச்சமெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் டெல்லியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் மாநிலங்களும் தங்கள் வாட்டை விட மனசு வராமல் பிடித்துக்கொள்கின்றன.

ஜிஎஸ்டி கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஐந்தையும் வெளியே வைத்தார்கள். 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்தில் பேச்சு வந்து, இது அதற்கான நேரமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 57 ரூபாயின்மேல் இப்போதைய உச்ச விகிதமான 40 சதவீதம் போட்டாலும் 80 ரூபாய்தான் வரும். 2025-இல் இரண்டு அரசுகளும் சேர்ந்து எடுத்த 44 ரூபாய் 23 ஆகிவிடும், அதையும் பாதிப் பாதியாகப் பிரிக்கவேண்டும். மாநிலம் தானாக விகிதம் முடிவு செய்யும் பெரிய வரிகளில் முக்கியமானவை பெட்ரோலும் மதுவும். அதில் ஒன்றை எந்த நிதியமைச்சரும் லேசில் விடமாட்டார். ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்து, அதன்மேல் தனியாக ஒரு வரியும் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தால் கொண்டுவரலாம். அப்போது விலை இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

கடைசியாக, மஞ்சக்குப்பத்திலிருந்து முள்ளோடை வந்து போடுவது லாபமா என்று பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். போக வர 15, 16 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதற்கே 35 ரூபாய் எண்ணெய் போய்விடும். ஏழு லிட்டர் நிரப்பினால் மிச்சம் 42 ரூபாய். ஆக ஏழு ரூபாய்க்காக அரை மணி நேரத்துக்கு மேல் வெயிலில் ஓட்டவேண்டும். பாண்டிக்கு வேலையாக வருகிறவர்கள் திரும்பும்போது நிரப்பிக்கொண்டு போங்கள். அதற்கென்றே கிளம்பி வரவேண்டாம்.